இடைவேளைக்குப் பிறகு வந்த குரல்

பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று இருபத்தொன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். ஒரு மேசை, கழுத்து வளைந்த ஒரு மைக், வண்டி நேரம் எழுதிய பலகை, தொண்டைக்கு இதமாக ஒரு டப்பா மிட்டாய். கீழே மூட்டை முடிச்சோடு நிற்கும் ஜனங்களுக்கெல்லாம் அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. முகத்தைக் காட்டிப் பிழைக்கும் வேலையைத்தான் அண்ணன் பார்த்துக்கொண்டாரே.

அண்ணன் சிரிப்பு நடிகர். கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று அடி வாங்குவதும், கதவில் மோதிக்கொள்வதும், யாருமே கேட்காத நேரத்தில் யோசனை சொல்வதுமாகப் பத்து வருடம் ஓட்டியவர். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஐந்து வயது வித்தியாசம். ஜாடையில் அவ்வளவு ஒற்றுமை கிடையாது. ஆனால் குரல் மட்டும் ஒரே அச்சில் வார்த்தது. ஒருமுறை தொலைபேசியில் தன் புருஷன்தான் பேசுகிறார் என்று நினைத்து அண்ணி கால்மணி நேரம் திட்டித் தீர்த்தாள். "அண்ணி, நான் தம்பி" என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, "சரி, இனிமே செய்யல" என்று சொல்லி வைத்துவிட்டார். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "பரவால்லடா, எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார்.

குரல் ஒன்றுதானே ஒழிய, சரக்கு வேறு. அண்ணன் வாயைத் திறந்தால் அடுத்த வீட்டில் சிரிப்பார்கள். தம்பி ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எதையாவது மறந்து, திரும்ப முதலில் இருந்து வருவார். "நீங்க சொல்றத விட, நடைமேடை நாலு, நடைமேடை அஞ்சுன்னு சொல்றதே கேக்க நல்லாருக்கு" என்பாள் அவர் மனைவி.

அண்ணன் முதன்முதலாக முழுப் படத்துக்கும் நாயகனாக நடித்தது, "பெட்டி இறங்குது" என்ற படத்தில். நாலு திருடர்கள் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்து ஓர் இரும்புப் பெட்டியைத் திருடுகிறார்கள். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று, வீடு மாற்றும் ஆட்கள் மாதிரி வேஷம் போட்டு, பட்டப்பகலில், படிக்கட்டு வழியாகவே தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். மூன்றாவது மாடிக்கார அம்மா, "அப்படியே என் பீரோவையும் கொஞ்சம் இறக்கிடுங்கப்பா" என்கிறாள். இரண்டாவது மாடியில் இரண்டு கட்டில். முதல் மாடியில் பியானோ. மறுத்தால் மாட்டிக்கொள்வார்கள். இடைவேளைக்குள் நாலு திருடர்களும் ஒரு கட்டடத்தையே காலி செய்து தெருவில் அடுக்கி, வியர்த்து விறுவிறுத்து, அந்தச் சாமான்களுக்கு நடுவில் தங்கள் பெட்டி எது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தின் தலைவனாக அண்ணன். தன்னை மிஞ்சிய மூளைக்காரன் உலகத்தில் இல்லை என்று நம்புகிற, தெருமுனைக்குப் போக வழி தெரியாத தலைவன்.

படப்பிடிப்பு முடிந்தது. அந்தக் காலத்தில் நடிக்கும்போது பதிவாகும் சத்தத்தில் கேமரா ஓடும் இரைச்சலும் சேர்ந்திருக்கும், அது உதவாது. நடிகர்கள் பிறகு வந்து, படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே திரும்பப் பேச வேண்டும். அண்ணன் ஒரு வாரம் போய் இடைவேளை வரைக்கும் பேசி முடித்தார். எட்டாவது நாள் காலை, முகத்தில் சோப்பு நுரையோடு, கண்ணாடி முன்னால் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது. அவர் மகளுக்கு நாலு வயது.

பதினைந்தாம் நாள் இயக்குநர் பேருந்து நிலையத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறி, கண்ணாடி அறை வாசலில் நின்று, தம்பி மூன்று வண்டிகளுக்கு அறிவிப்புச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அந்தக் குரலைக் கேட்டபடி அவர் கண்ணை மூடியிருந்தார்.

"வேற ரெண்டு பேர வச்சுப் பாத்தோம், தம்பி. சரியா வரல. நீங்கதான் பேசணும்" என்றார்.

"எனக்கு நடிக்கத் தெரியாது சார். சிரிப்பு சுத்தமா வராது."

"ரெண்டாவது பாதி பூரா அவருக்கு வாயில கட்டு. இரும்புப் பெட்டி சரிஞ்சு தாடைல இடிச்சு, தலயச் சுத்தித் துணி கட்டியிருப்பார். உதடு பாதிதான் தெரியும். பேச்சுல கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் அடிபட்ட வாய்னு ஜனங்க எடுத்துக்குவாங்க. உங்கண்ணன் பத்து வருஷம் காத்திருந்த படம் இது. டப்பாக்குள்ள கெடக்க விட்டுடாதீங்க."

அவர் அண்ணியிடம் போய்க் கேட்டார். அண்ணி கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். அதில் அண்ணனுடைய சட்டை ஒன்றும் இருந்தது. துவைத்தவள் அவள்தான்.

"படம் வரணும்" என்றாள். "செய்ங்க. ஆனா இந்த வீட்டுல பேசிப் பழகாதீங்க தம்பி. என்னால முடியாது."

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. சாவு வீட்டில் அவர் வாய் திறந்த போதெல்லாம் அண்ணி சட்டென்று திரும்பிப் பார்த்திருந்தாள். அன்றையில் இருந்து அந்த வீட்டுக்குள் தலையாட்டலும் கையசைப்புமாகவே காலம் தள்ளக் கற்றுக்கொண்டார்.

ஒன்பது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். இருட்டான அறை. சுவரெல்லாம் சாக்கு மாதிரி ஒரு துணி. முன்னால் திரை, நடுவில் மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளர். சின்னச் சின்னத் துண்டாகப் படம் ஓடும். ஒரு வசனம், இரண்டு வசனம். சரியாக வரும்வரை அதே துண்டு திரும்பத் திரும்ப வரும். அண்ணன் ஒரு படியில் தடுக்கி விழுவார், எழுந்து தூசி தட்டுவார், வாயைத் திறப்பார். அந்த இடத்தில் இவர் பேச வேண்டும். தவறினால் அண்ணன் மறுபடி விழுவார். பதினான்கு முறை, இருபது முறை. சவத்தைக் கொண்டு வைத்து எரித்துவிட்டு வந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதே முகம் அந்தச் சுவரில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, வார்த்த சரியா விழுது. ஆனா நீங்க வண்டி நேரம் சொல்ற மாதிரி சொல்றீங்க" என்பார் இயக்குநர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

சிரிப்பு வரவே இல்லை. கடைசியில் பொறியாளர், அண்ணன் முதல் பாதியில் சிரித்த ஒரு சிரிப்பை எடுத்து இரண்டாம் பாதியில் மூன்று இடத்தில் ஒட்டினார்.

ஒரே ஒரு காட்சி மட்டும் முதல் தடவையிலேயே அமைந்தது. தலையைச் சுற்றிக் கட்டும் வீங்கின முகமுமாகத் தலைவன் வீட்டுக்குப் போவான். அவனுடைய சின்ன மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பயந்து கதவைத் தாழிட்டுக்கொள்வாள். அவன் வெளியில் நின்று கெஞ்சுவான். கேமரா முழுக்க உள்ளே, குழந்தை முகத்திலும் கதவிலும்தான் இருக்கும். "முகத்தப் பாக்காத கண்ணு, அது யாரோ மாதிரி ஆயிடுச்சு. குரலக் கேட்டாத் தெரியலையா? அப்பாதான். நீ தொறக்காட்டியும் பரவால்ல. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்." அண்ணன் முகம் திரையில் இல்லாததால் இவரால் பேச முடிந்தது. பேசி முடித்ததும், இன்னொரு தடவை வேண்டாம் என்று பொறியாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டினார்.

படம் வந்தது. ஓடியது. அண்ணன் போய்விட்ட துக்கத்துக்காகவே பார்த்தவர்கள் பலர். குரல் விஷயத்தை இயக்குநர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜனங்கள் இரண்டாம் பாதியில் குரலைத்தான் கவனிப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றார். நியாயம்தான். ஆனால் கவனிக்காமலேயே ஜனங்களுக்கு ஏதோ பட்டுவிட்டது. "முதல் பாதி தங்கம், இரண்டாம் பாதி தகரம்" என்று ஒரு பத்திரிகை எழுதியது. "இடைவேளைக்குப் பிறகு நடிகருக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது" என்று இன்னொன்று. இரண்டாம் பாதியில் கதையே இழுவைதான். பெட்டியைத் திறக்கத் தெரியாமல் நாற்பது நிமிடம் சுற்றுவார்கள், நடுவில் தேவையில்லாத ஒரு நீதிமன்றக் காட்சி வேறு. அதையெல்லாம் இயக்குநரே ஒப்புக்கொள்வார். ஆனால் தம்பிக்கு அந்த வரிகள் ஒவ்வொன்றும் தன் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. அண்ணன் கட்டிய வீட்டில் பாதியைத் தான் இடித்துவிட்டதாகவே நினைத்தார்.

வருடம் போகப் போக அந்தப் படம் பெரிய பேர் வாங்கியது. தொலைக்காட்சியில் விடுமுறை நாள் என்றால் அதுதான். "மெதுவா இறக்கு, உள்ள உசுரு இருக்கு" என்று அண்ணன் படிக்கட்டில் சொல்லும் வசனம் பேச்சுவழக்கில் கலந்துவிட்டது. பேருந்தின் மேலே இருந்து மூட்டை இறக்குகிறவர்கள் அதைச் சொல்வது கண்ணாடி அறைக்கே கேட்கும். அதெல்லாம் முதல் பாதி. இரண்டாம் பாதி ஆரம்பித்தால் டீக்கடையில் எழுந்து போய்விடுவார்கள். அவரும் எழுந்து போய்விடுவார்.

ஆனால் ஒருத்தி மட்டும் எழுந்து போனதில்லை. அண்ணன் மகள். அப்பா முகம் அவளுக்குப் புகைப்படத்தில்தான் நினைவு. வீட்டில் அந்தப் படத்தின் கேசட் இருந்தது. ஏழு வயதில் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், முகம் கூடக் கழுவாமல், கேசட்டை ஓட்டி நேராகக் கதவுக் காட்சிக்குப் போவாள். திரையில் வரும் அந்தக் குழந்தை மாதிரியே காலை மடக்கி உட்கார்ந்து கேட்பாள். "குரலக் கேட்டாத் தெரியலையா? அப்பாதான்."

ஒருநாள் அண்ணிக்கு மருந்து கொடுக்க வந்த தம்பி கூடத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"சித்தப்பா, அப்பா பேசுறாங்க, வாங்க" என்று பக்கத்தில் இடம் விட்டாள் அவள்.

அவர் சமையலறைக்குப் போய்விட்டார். அங்கே அண்ணி அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். இவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சொல்லிடாதீங்க தம்பி. அவகிட்ட வேற என்ன இருக்கு?"

அவர் தலையாட்டினார். வழக்கம்தானே.

அந்தத் தலையாட்டல் முப்பத்தேழு வருடம் நீண்டது. அவள் படித்தாள், வேறொரு ஊரில் மருந்துக்கடை வைத்தாள், கல்யாணம், ஒரு மகன். எதற்கும் கலங்காத பெண். ஆனால் தனக்கு ஒரு கஷ்டம் வந்தால் அந்தக் காட்சியைப் போட்டுக் கேட்பதாக ஒருமுறை சாதாரணமாகச் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி, "இப்பவாவது சொல்லிடுங்க. வேற யார் வாய்லயாவது கேட்டா தாங்க மாட்டா" என்றாள். "அண்ணிக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். அண்ணி இறந்த பிறகும் மனைவி அதையே சொன்னாள். "இனிமே எதுக்கு" என்றார். உண்மையில் வாக்கு மட்டும் காரணமில்லை. சொல்லிவிட்டால் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைக்கவே அவருக்குப் பயம்.

படம் வந்து நாற்பது வருடம் ஆனதும், பழுதான படச்சுருளைச் சுத்தம் செய்து ஓர் அரங்கத்தில் திரையிட்டார்கள். குடும்பத்துக்கு முதல் வரிசை. மகள் ஊரில் இருந்து வந்து, சித்தப்பாவுக்கும் சித்திக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முதல் பாதிக்கு அரங்கம் குலுங்கியது. இரண்டாம் பாதியில் இருமல் சத்தம் கேட்டது. முடிந்ததும் இயக்குநரை மேடைக்கு அழைத்தார்கள். அவருக்கு எண்பது வயது, கையில் தடி. கூட்டத்தில் ஓர் இளைஞன் எழுந்து, "சார், ரெண்டாவது பாதி ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டான்.

கிழவர் சிரித்தார். "கத என் தப்பு. அத விடுங்க. ஆனா குரலப் பத்தி இன்னைக்கு ஒண்ணு சொல்லிடணும், நான் போறதுக்குள்ள. இடைவேளைக்கு அப்புறம் நீங்க கேட்டது அவர் குரல் இல்ல. அவர் தம்பி பேசினது. அண்ணன் செத்த துக்கத்துல, ஒன்பது நாள். இங்கதான் உக்காந்திருக்கார். எந்திரிங்க தம்பி."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. நாற்பது வருடமாக அவருக்குக் கிடைக்காதது எல்லாம் ஒரே நிமிடத்தில் கொட்டியது. அவர் எழுந்து நின்றார். கையைக் கூப்பவும் தோன்றவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மகள் காலடியில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சித்தியின் முழங்காலைத் தாண்டி, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

ஐந்து மாதம் அவள் பேசவில்லை. அவர் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவர்களுக்கு மாதாமாதம் அவள் அனுப்பும் மாத்திரைகள் மட்டும் தவறாமல் கூரியரில் வந்தன. எந்த மாத்திரை எப்போது என்று ஒட்டும் சீட்டில் அவள் கையெழுத்து. அவர் அந்தச் சீட்டுகளைப் பிரித்து எறியாமல் டப்பாவிலேயே விட்டார்.

ஆறாவது மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நின்றாள். கையில் லேப்டாப், ஒரு நோட்டுப் புத்தகம். சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாதான் சொல்ல வேணாம்னாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பாரம் பாதி இறங்கிவிடும். அண்ணி வந்து மறுக்கப்போவதில்லை. "இல்ல. நான்தான் சொல்லல. எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். நம்பினாளா, இல்லையா, தெரியவில்லை. நோட்டைப் பிரித்து நடுவில் ஒரு கோடு போட்டாள். "எது அப்பா, எது நீங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க. இருக்கறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும்."

படம் ஓடியது. முதல் பாதிக்கு அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பியானோ படிக்கட்டில் உருண்டது, பீரோவுக்குள் ஒரு திருடன் மாட்டிக்கொண்டான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினாள். "நான்" என்றார். "நான்." "சிரிப்பு மட்டும் அண்ணன், முதல் பாதியில இருந்து எடுத்து ஒட்டினது." அவள் எழுதினாள். பேனா ஒரு பக்கமே போய்க்கொண்டிருந்தது.

கதவுக் காட்சிக்கு முன்னால் அவள் கை நின்றது.

"இத விட்டுடலாம் கண்ணு."

"இல்ல. போடணும்."

போட்டாள். தன் முப்பத்தாறு வயதுக் குரல் அந்தக் கதவுக்கு வெளியில் இருந்து கெஞ்சுவதை எழுபத்தாறு வயதில் அவர் கேட்டார். முடிந்தது.

"நான்" என்றார்.

"குரலக் கேட்டாத் தெரியலையான்னு கேட்டீங்க" என்றாள் அவள். "தெரியல சித்தப்பா. எனக்குத் தெரியவே இல்ல. இத்தன வருஷம் நான் யாருக்காக அழுதேன்னே இப்ப தெரியல."

அவர் மேசையில் கிடந்த தண்ணீர்த் தம்ளரை நகர்த்தினார், திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு சொன்னார்: "இதப் பேசின அன்னைக்குக் காலைல உங்க வீட்டுக்கு வந்திருந்தேன். நீ வாசப்படில உக்காந்து, அப்பா எப்ப வருவார்னு கேட்ட. நான் பதில் சொல்லாம செருப்ப மாட்டிட்டு வந்துட்டேன். அங்க போய் மைக் முன்னாடி நின்னப்போ, அந்தப் படத்துக் குழந்த என் கண்ணுக்குத் தெரியல. உன்கிட்டதான் சொன்னேன். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் நோட்டை மூடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனைவி சமையலறை வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசிக் காட்சி மிச்சம் இருந்தது. அவ்வளவு பாடுபட்டுத் திறந்த பெட்டியில் வீட்டுப் பத்திரம் ஒன்றும், யாருடையவோ பால் பல் ஒன்றும்தான் இருக்கும். தலைவன் தெரு ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டு, "சரி விடு, தூக்கினதே பெருசு" என்பான். அவர் "நான்" என்று சொல்ல வாயெடுத்தார், நின்றார். "இன்னொருவாட்டி போடு."

போட்டாள். மூன்று முறை, நாலு முறை. ஆரம்பத்தில் அண்ணன் குரல் அளவு பார்ப்பதற்காக ஏதோ ஒரு வசனம் பேசிப் பதிவு செய்த துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது என்று பொறியாளர் கடைசி நாள் சொன்னது அவருக்கு மங்கலாக நினைவிருந்தது. அதை எங்கே சேர்த்தார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. பொறியாளர் இறந்தும் வெகுநாளாகிறது.

"தெரியலம்மா. இது நானா, அண்ணனான்னு எனக்கே தெரியல."

அவள் அதற்கப்புறமும் இரண்டு முறை கேட்டாள். பிறகு கோட்டின் இரண்டு பக்கமும் எழுதாமல் நோட்டை மூடினாள்.

மதியம் சாப்பிட்டாள். சித்தப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள், ஒரு மாத்திரையை மாற்றினாள். கிளம்பும்போது எப்போதும் போலக் காலைத் தொடவோ கையைப் பிடிக்கவோ இல்லை. மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவள் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். அந்தக் காட்சியை அவள் அதன் பிறகு பார்த்ததாகச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

போனமுறை வந்தபோது மாத்திரைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "படத்துல இல்லாத அப்பாவப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

அவர் ஆரம்பித்தார். சின்ன வயதில் அண்ணன் ஒரு குடையைத் திருடிவிட்டு, மழை வந்ததும் மனசு கேட்காமல் அதன் சொந்தக்காரரைத் தேடிக்கொண்டு நனைந்தபடி ஓடிய கதை. பாதியில் அந்தச் சொந்தக்காரர் யார் என்பது மறந்துபோய்விட்டது. தபால்காரர் என்றார், இல்லை வாத்தியார் என்றார், திரும்ப முதலில் இருந்து வந்தார். அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. அவள் சிரிக்கவும் இல்லை. மாத்திரை டப்பாவை மூடி ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.